வலிக்காத முட்டி

"இன்னும் எத்தனை நாளைக்கு மேடம், நல்ல காலையே தடவிக்கிட்டு இருக்கிறது?"

மாசிலாமணி கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினார்.

அவரும் டாக்டர்தான். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் பிரசவமுமாகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு எலும்பு மருத்துவம் படிக்க வந்தவர். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவரை அங்கிள் என்று கூப்பிடாததுதான் பாக்கி.

அவருக்குக் கற்றுக்கொடுக்க வாய்த்த டாக்டர் பெனிட்டா, அவரைவிட வயதில் ரொம்பவே இளையவர். குரலை உயர்த்தத் தெரியாதவர். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வார். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

முதல் நாள் முட்டி வீங்கிய ஒருவர் படுத்திருந்தார். மாசிலாமணி வீக்கத்தின் மேல் கையை வைத்தார்.

பெனிட்டா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். கையைத் தூக்கினார். வீங்காத முட்டியின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அன்றிலிருந்து இதே கதைதான்.

"என்ன பாத்தீங்க சார்?"

"ஒண்ணும் இல்ல மேடம். நார்மல்."

"அப்ப இன்னும் பாக்கல."

மறுநாளும் நல்ல முட்டி. அதற்கு அடுத்த நாளும் நல்ல முட்டி.

முட்டிக்குள் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கிறது. அது கிழிந்திருக்கிறதா என்று கையாலேயே கண்டுபிடிக்கச் சில பரிசோதனைகள் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை முழுக்க மடக்கி, பாதத்தைத் திருகிக்கொண்டே நீட்டுவது ஒன்று. குப்புறப் போட்டு, பாதத்தை அழுத்தித் திருகுவது ஒன்று. ஒற்றைக் காலில் நிறுத்தி உடம்பைத் திருப்பச் சொல்வது இன்னொன்று.

முதலாவதில், ஜவ்வு கிழிந்திருந்தால் சில சமயம் விரலுக்கடியில் 'டக்' என்று ஒன்று தட்டும். அந்த ஒரு டக்குக்காக மாணவர்கள் உயிரை விடுகிறார்கள். யாருடைய உயிரை என்பது வேறு விஷயம்.

மாசிலாமணிக்கு அந்த டக் இன்னும் கிடைக்கவில்லை. மீசை முளைக்காத பையன்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது. அவர்கள் கேண்டீனில் அதைப் பற்றியே பேசினார்கள். இவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது மேடம்? பரீட்சையில நல்ல காலையா காட்டுவாங்க?"

"வலிக்கிற கால் உங்ககிட்ட என்ன சொல்லும் சார்?"

"வலிக்குதுன்னு சொல்லும்."

"வலிக்காத கால்?"

மாசிலாமணி குனிந்து தன் முட்டியையே பார்த்தார்.

"கேட்டுட்டு வாங்க."

அவர் கோபத்தோடு போனார். கோபத்தோடுதான் கேட்டார். வார்டு வார்டாக நுழைந்து, யாருக்கு எது வலித்தாலும் வலிக்காத பக்கத்தைப் பிடித்தார். நோயாளிகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தன் கட்டுப்போட்ட காலைச் சுட்டிக்காட்டி, "ஏ ஐயா, நோவு இங்கன இருக்கு" என்று வழிகாட்டினார்.

திரும்பி வந்து பெனிட்டாவின் மேஜை முன்னால் நின்று கொட்டித் தீர்த்தார்.

"எல்லாம் நார்மல்தான் மேடம். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஒருத்தருக்கு இறுக்கமா இருக்கு. ஒரு அம்மாவுக்குத் தொளதொளன்னு இருக்கு. லாரி டிரைவர் ஒருத்தருக்கு நல்ல முட்டியே டக் டக்குங்குது, அவருக்கு வலியே இல்ல. இதைக் கத்துக்கவா நான் குடும்பத்தை விட்டுட்டு இங்க வந்து கிடக்கேன்?"

பெனிட்டா கைகளைத் தேய்த்துக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீஃப் டாக்டரின் வார்டில் இசக்கிப்பாண்டி கிடந்தார். அது வேறு யூனிட். பெனிட்டாவுக்கு அங்கே வேலை இல்லை.

இசக்கிப்பாண்டி டைல்ஸ் ஒட்டுகிறவர். நாள் முழுக்கக் குத்தவைத்தும் மண்டியிட்டும் செய்கிற வேலை. குத்தவைத்தபடியே சிமெண்டுச் சட்டியை எட்டி எடுத்து எழுந்திருக்கும்போது வலது முட்டிக்குள் என்னவோ அறுந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜவ்வு கிழிந்திருக்கும், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். ஸ்கேனுக்கு வரிசை நீளம் என்றார்கள்.

அப்புறம் சீஃப் வந்து முட்டியைத் திருகிப் பார்த்தார். டக் என்றது. சீஃப் முகம் மலர்ந்தது.

"நல்ல கேஸ். பரீட்சை முடியற வரைக்கும் இருக்கட்டும்."

டாக்டர்கள் நல்ல கேஸ் என்று சொன்னால் நோயாளிக்குக் கெட்ட நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவர்கள் காலையில் வந்து திருகினார்கள். சாயங்காலம் வந்து திருகினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கச் சொல்லித் திருகினார்கள். ஆபரேஷன் எப்போது என்று கேட்ட மனிதனிடம் காலை நீட்டச் சொன்னார்கள். ஒருவர்கூட இது தப்பு என்று நினைக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சீஃப் எல்லா மாணவர்களையும் வரச் சொன்னார். தான் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஒவ்வொருவரும் அந்த டக்கை விரலால் தொட்டு உணர்ந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு.

மாசிலாமணியும் வந்து வரிசையில் நின்றார். அவருக்குச் சந்தோஷம். கடைசியில் ஒரு கெட்ட முட்டி. மணிக்கட்டைப் பிடித்து இழுக்க இங்கே யாரும் இல்லை.

வார்டின் மூலையில் இருந்த மேஜையில் இசக்கிப்பாண்டி மல்லாந்து கிடந்தார். வாயில் துண்டைச் சுருட்டிக் கடித்திருந்தார். ஒரு பையன் முட்டியை மடக்கினான், திருகினான், நீட்டினான்.

"கிடைச்சிருச்சு!"

தூண்டிலில் மீன் மாட்டியதுபோல் கத்தினான். அடுத்தவன் வந்தான்.

இசக்கிப்பாண்டி துண்டைத் துப்பினார்.

"ஏ டாக்டர்மாரே, இன்னும் எத்தனை பேருதான் திருகுவிய? நானும் மனுசன்தானே?"

"கொஞ்சம் ஒத்துழைங்க" என்றான் அடுத்தவன்.

மாசிலாமணியின் முறை வந்தது.

அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். எப்போது தேய்க்க ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கையை நீட்டினார். கை இடது காலுக்குப் போனது.

வரிசை முழுக்கச் சிரிப்பு.

"சார், அது நல்ல கால். இது!"

மனதுக்குள் பெனிட்டாவைத் திட்டினார். பாழாய்ப்போன பழக்கம். ஆனால் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. இடது குதிகாலை மெல்லத் தூக்கினார். முட்டி நேராகி, அங்கே நிற்காமல், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வளைந்தது.

வலது முட்டியைப் பார்த்தார். அது நேராகக் கிடந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக. எல்லோரும் பார்த்துவிட்டு, நீட்டுவதில் குறையில்லை என்று சொன்ன முட்டி.

"உங்க பேரு?"

"இசக்கிப்பாண்டி."

"இசக்கிப்பாண்டி, இந்த இடது முட்டி பின்னால வளையுதே. முன்ன வலதும் இப்படித்தான் வளையுமா?"

"ரெண்டும் பொறந்ததுல இருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல கொக்குக்காலன்னு கூப்பிடுவானுவ."

"இப்ப?"

"இப்ப இது வளைய மாட்டேங்கு. உள்ள ஆப்பு அடிச்ச மாதிரி இருக்கு. வந்த அன்னைக்கே சொன்னேன். யாரு காதுல வாங்குனிய?"

மாசிலாமணி நிமிர்ந்தார்.

"நீங்களா மெதுவா குப்புறப் படுங்க. அவசரம் இல்ல. முட்டி மேஜை விளிம்புல இருக்கட்டும். கால் ரெண்டும் வெளிய தொங்கட்டும்."

இசக்கிப்பாண்டி திரும்பிப் படுத்தார்.

இரண்டு குதிகால்களும் மேஜைக்கு வெளியே தொங்கின. இடது குதிகால் தாழ்ந்திருந்தது. வலது குதிகால் தாழவில்லை. இரண்டு விரற்கடை உயரத்தில் அப்படியே நின்றது.

சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியென்றால் கிழிந்த ஜவ்வு ஒரு பட்டையாகப் புரண்டு, எலும்புகளுக்கு நடுவே சிக்கியிருக்கிறது. முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. பூட்டிய முட்டியைத் திருகக் கூடாது, சீக்கிரம் திறந்து பார்க்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் படித்ததுதான். இன்றைக்குத் திறந்தால் தைத்து ஒட்டவைக்க வழி இருக்கலாம். இன்னும் திருகினால் அது அரைபட்டுக் கூழாகும். அப்புறம் வெட்டி எறிய வேண்டியதுதான். மெத்தை போன முட்டியோடு குத்தவைத்து டைல்ஸ் ஒட்ட முடியாது.

மாசிலாமணிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. சீஃப் மேல் ஆத்திரம். கிடைச்சிருச்சு என்று கத்தியவன் மேல் ஆத்திரம். சற்று முன்னால் இதே வரிசையில் ஆசையோடு நின்ற தன் மேல் எல்லாவற்றையும் விட அதிக ஆத்திரம்.

"இனிமே யாரும் தொடக்கூடாது."

"சார், நான் இன்னும் பாக்கலையே" என்றாள் வரிசையில் மிச்சமிருந்த ஒரு பெண்.

"உனக்கு டக்கு வேணும்னா போய்க் கதவைத் தட்டு!"

அப்போதுதான் சீஃப் உள்ளே வந்தார்.

"என்னய்யா சத்தம்? எல்லாருக்கும் கிடைச்சுதா?"

"சார், முட்டி லாக் ஆகியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"நான் பாத்த கேஸ்யா இது. நேரா நீட்டுறான். லாக்காம் லாக். நாளைக்கு வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வர்றாரு, இந்தக் கேஸைத்தான் வைக்கப்போறேன். தள்ளு, நான் காட்டுறேன்."

சீஃப் மேஜையின் கடைசிக்கு வந்து, வலது பாதத்தைப் பிடிக்கக் கை நீட்டினார்.

மாசிலாமணி குறுக்கே நின்றார்.

"மாட்டேன் சார்."

மார்க் போடுகிறவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை.

"மாசிலாமணி, இந்த வயசுல பாஸ் பண்ற எண்ணம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப தள்ளு. இல்லன்னா சொல்லு, அந்த முட்டியில நீ என்ன டெஸ்ட் பண்ணின? திருகிப் பாத்தியா?"

"இல்ல சார்."

"அழுத்திப் பாத்தியா?"

"இல்ல சார். அந்த முட்டியை நான் தொடவே இல்ல."

சீஃப் சிரித்தார். வரிசையில் இரண்டொருவர் அவருக்காகச் சிரித்தார்கள்.

"தொடாமலேயே ஞானம் வந்துருச்சோ? வலிக்கிற காலைத் தொடாம வேற எதைய்யா தொட்ட?"

மாசிலாமணி சீஃபின் மணிக்கட்டைப் பிடித்தார். கையைத் தூக்கினார். இடது குதிகாலின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

சீஃபின் முகம் சிவந்தது. கையை உதறத்தான் போனார். ஆனால் விரல்கள் அதற்குள் அந்தக் குதிகாலைத் தொட்டுவிட்டன. அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்தது. முப்பது வருஷம் முட்டி பார்த்த கை.

அவருடைய கண் வலது குதிகாலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

இசக்கிப்பாண்டி தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"இன்னைக்காவது ஆபரேஷன் உண்டா?"

"உண்டு" என்றார் சீஃப்.