பாதிச் சிறகு

நியூஸிலாந்தின் தென்கரையில், காற்று ஆளையே தள்ளிவிடும் ஒரு பாறைச் சரிவில் சிதம்பரநாதன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் வக்கீல் தொழிலை உதறிவிட்டு, புதையுண்ட எலும்புகளைப் படிக்க வந்த மனிதர். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவருடைய ஆசிரியை மேகலா அவரைவிடப் பத்து வயது இளையவள்.

இப்போது அவருக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. பழைய அலுவலகம் திரும்பக் கூப்பிடுகிறது. மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் கழித்துப்போட்ட குவியலிலிருந்து மேகலா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. கல் அப்படி ஒட்டாது, எலும்புதான் ஒட்டும்.

“இதை ஏன் சார் தூக்கிப் போட்டீங்க?”

“கனமா இருந்துச்சு மேடம். பறவை எலும்பு லேசா இருக்கும்னு நினைச்சேன்.”

“நாக்குல வெச்சுப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. மூன்று வருடம் படித்த லட்சணம் இதுதானா என்று அவருக்குக் கூசிப்போனது.

“இது ஆதிகாலத்துப் பென்குவின். தண்ணிக்குள்ள முங்கக் கனம் வேணுமில்ல?” மேகலா எலும்பின் முனையை அவர் பக்கம் திருப்பினாள். “இந்தச் சிறகு மூட்டுப் பக்கம் பாருங்க. இப்ப இருக்கிற பென்குவினுக்கு இங்க துடுப்பு மாதிரி விறைச்சிருக்கும். இதுக்குக் கொஞ்சம் மடங்கும்.”

அவர் குனிந்து அந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

“பறக்கிறதையும் விட்டாச்சு. துடுப்பாவும் முழுசா ஆகலை. இப்படி நடுவுல மாட்டிக்கிட்டு அது எப்படி மேடம் பொழைச்சுது?”

கேட்கும்போதே அவர் கை சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டது.

மேகலா கடலைக் காட்டினாள். குண்டான ஒரு சின்னப் பறவை, படபடவென்று அடித்துக்கொண்டு தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. எழும்பி வந்த அலைக்குள் அப்படியே புகுந்தது. மறுபக்கம் வெளியே வந்தபோதும் அதே சிறகைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அலகில் இரை இருந்தது.

“அதுவும் பாதிதானா மேடம்?”

“உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?”

“ரெண்டுலயும் சூரன் இல்லை. ஆனா சாப்பிடுது.”

மேகலா அந்த எலும்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதைப் பாதின்னு சொல்ல அப்போ யாரும் இல்லை சார். அதுக்குப் பசிச்சுது, முங்குச்சு, மீன் கிடைச்சுது.”

சிதம்பரநாதன் கழித்துப்போட்ட குவியலுக்கே திரும்பிப் போய், அடுத்த துண்டை எடுத்து நாக்கில் வைத்தார்.