கடைசி வரி

புளியங்குளத்துப் பிராணிகள் ஒரு சங்கம் வைத்திருந்தன. சங்கத்துச் சேதிகளைக் கரைப் பாறையில் வெள்ளை மண்ணால் எழுதிப் போடுவது மைனாவின் வேலை. மாதம் ஒருமுறை அவற்றைப் பூவரச இலைகளில் எழுதி வீடு வீடாகப் போட்டுவிட்டும் வரும். ஆசைப்பட்டு ஏற்ற வேலை அல்ல. வேறு யாரும் முன்வராததால் தலையில் விழுந்தது.

கிடைத்த கூலி என்னவோ குறைகள்தான். "எழுத்து பொடியாக இருக்கிறது" என்றது நண்டு. பெரிதாக எழுதினால், "இப்படி இடத்தை அடைத்தால் என் பாட்டைப் பற்றி எங்கே போடுவாய்?" என்றது தலைவர் தவளை. "போன மாத இலை எனக்கு வரவேயில்லை" என்றது ஆமை. அந்த இலையின் மேல்தான் அது அப்போது படுத்திருந்தது.

ஒருநாள் காலை, சாலையோர டீக்கடையில் சிந்திய பொரியைக் கொத்தும்போது மைனாவின் காதில் ஒரு பேச்சு விழுந்தது. மறுநாள் விடிந்ததும் குளத்தைத் தூர்வார இயந்திரம் வருகிறதாம். மைனா கணக்குப் போட்டுப் பார்த்தது. தவளை தாவிவிடும், நண்டு ஓடிவிடும். சேற்றில் புதைந்து கிடக்கும் ஆமை? பக்கத்துக் குளத்துக்கு நடக்க அதற்கு ஒரு பகலும் இரவும் வேண்டுமே.

பறந்து வந்து சொன்னது. "டீக்கடைப் பேச்சையெல்லாம் நம்பலாமா மைனாக்கா? முறைப்படி பாறையில் போடு. பாறையில் வராதது சேதியே இல்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்" என்றது தவளை. "இலையில் வரட்டும், நிதானமாகப் படிக்கிறேன்" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மைனா பாறையில் எழுதிப் போட்டது. வெயில் ஏறியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

'எக்கேடோ கெட்டுப் போகட்டும்' என்று பறந்துவிடலாம் போலிருந்தது. ஆமையை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. இவர்கள் எதைத்தான் படிக்கிறார்கள்? தங்கள் பெயர் வரும் வரியை. அதுவும் குறை கண்டுபிடிக்க.

எழுதியதை அழித்தது. அதுவரை யாரையும் பழித்து எழுதியதில்லை. தயங்கித் தயங்கித்தான் எழுதியது: "தவளையின் பாட்டு சுமார். நண்டின் வளை அழுக்கு. ஆமையால் சங்கத்துக்குப் பயனில்லை. காரணம் கடைசி வரியில்."

பிறகு குளத்தைச் சுற்றிப் பறந்து, "உங்களைப் பற்றிப் பாறையில் வந்திருக்கிறது!" என்று கூவியது.

மூன்றும் வந்துவிட்டன. ஆமைகூட மூச்சு வாங்க மேட்டில் ஏறி நின்றது.

"யாரைக் கேட்டு இப்படி எழுதினாய்?" என்று கத்திக்கொண்டே தவளை கடைசி வரிக்கு வந்தது. "நாளை விடிந்ததும் குளத்தைத் தூர்வாருகிறார்கள். உங்களை இங்கே வரவழைக்க வேறு வழி தெரியவில்லை. உடனே கிளம்புங்கள்."

மூன்றும் வாய்க்கால் வழியே பக்கத்துக் குளத்துக்கு நடையைக் கட்டின.

மறுநாள் இயந்திரம் முதலில் தோண்டியது ஆமை கிடந்த மூலையைத்தான். ஆமை அப்போதுதான் புதுக் குளத்தின் கரையில் கால் வைத்தது.

தவளை தொண்டையைச் செருமியது. "எல்லாம் சரி மைனாக்கா. என் பாட்டு சுமார் என்று போட்டாயே, அதை எப்போது திருத்துவாய்?"

மைனாவுக்கு அழுகை முட்டியது. ஆமைதான் பதில் சொன்னது: "தலைவரே, முதலில் மைனாவுக்கு ஒரு நல்ல பாறை தேடுவோம். வெள்ளை மண்ணை இனி நான் சுமந்து வருகிறேன்."

பொதுவேலை செய்பவரிடம் குறை சொல்லப் போகுமுன், அவர் சொல்ல வந்ததை ஒருமுறை முழுதாகப் படிப்பது நமக்கே நல்லது.