பன்னிரண்டாம் குழி

இந்தக் கதையில் மூன்று பேர். அதில் ஒருவன் நான். அதனால் சொல்பவன் பக்கம் சாயாமல் கேளுங்கள்.

சுருட்டை விரியன் கடித்தால் இரத்தம் உறையாது. அதற்குக் காரணமான விஷப் புரதம் ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் பெப்டைடைத் தேடுவது எங்கள் ஆய்வகத்தின் வேலை. பெப்டைட் என்பது புரதத்தைப் போன்றதே, ஆனால் மிகச் சின்னத் துண்டு. கோடிக்கணக்கான துண்டுகளை அந்தப் புரதத்தின் மேல் ஊற்றுவோம், கழுவுவோம், ஒட்டி நின்றதை எடுத்து மறுபடி ஊற்றுவோம். நான்காம் சுற்றில் ஒன்று தேறியது. அதைச் சோதித்தவள் ஆய்வு மாணவி பௌசியா.

பிளாஸ்டிக் தட்டில் பன்னிரண்டு குழிகள். முதல் பத்தில் விஷப் புரதத்தைப் பூசி, பெப்டைடை ஊற்றினாள். பதினொன்றாவதில் புரதம் இல்லை, பெப்டைட் மட்டும். பன்னிரண்டாவதில் புரதம் உண்டு, பெப்டைட் இல்லை. பிறகு எல்லாவற்றிலும் ஒரே சாயக் கரைசல். பெப்டைட் ஒட்டிய இடத்தில் அது மஞ்சள் காட்டும். சரியாகக் கழுவாமல் சாயமே குழியில் தங்கிவிட்டாலும் மஞ்சள் காட்டும். அதனால் சாயம் ஊற்றியபின் ஆறு தரம் கழுவ வேண்டும். அது ஆய்வக உதவியாளர் செல்லக்கனியின் பொறுப்பு.

பத்துக் குழியும் மஞ்சள். பதினொன்றும் மஞ்சள். பன்னிரண்டாவது மட்டும் தண்ணீர் போல இருந்தது.

“சார், புரதம் போடாத குழியும் மஞ்சளா இருக்கு,” என்றாள் பௌசியா.

மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது. பதினாறு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஆய்வகத் தலைவனாக வந்த நான் இங்கே என்ன கிழித்தேன் என்று பார்க்க வருகிறவர்கள்.

“கழுவினது சரியில்ல,” என்றேன். செல்லக்கனியிடம் திரும்பினேன். “வீட்டுப் பாத்திரம் கழுவுற மாதிரி கழுவினா இப்படித்தான்.”

“வீட்ல ரெண்டு தரம்தான் சார் அலசுவேன். இங்க எண்ணி ஆறு தரம்.”

நான் சொன்னபடி பௌசியா, குழுவுக்குக் காட்டும் படத்திலிருந்து பதினொன்றாம் குழியை நீக்கினாள். குழு கைதட்டியது. ஒன்பது வருடம் ஆய்வகத்தில் இருந்த செல்லக்கனியை விடுதிச் சமையல்கூடத்துக்கு மாற்றி நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பெப்டைட் உண்மையில் எதைப் பிடித்திருந்தது? மூவரில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் யார்?

விடை: பிளாஸ்டிக்கை. பதினொன்றாம் குழியில் அது பற்றிக்கொள்ள வேறெதுவும் இல்லை. கழுவியதில் கோளாறு என்றால், அதே கை கழுவிய பன்னிரண்டாவதும் மஞ்சளாகியிருக்கும். ஆகவே வேலையைச் சரியாகச் செய்தவர் செல்லக்கனி. பௌசியா பாதி வரை சரி. பார்த்ததைச் சொன்னாள், பிறகு அழித்தாள். இரண்டு மாதத்தில் எல்லாம் வெளிப்பட்டுப்போனதும், சமையல்கூடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். செல்லக்கனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கடைசிக் குழிய அன்னைக்கே பாத்தீங்களா சார்?”

பார்த்திருந்தேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.