பன்னீரில் முக்கின கல்

பூங்குன்றத்து ராஜா பொல்லாதவர். மோதிரத்துக்குக் கொடுத்த சந்திரகாந்தக் கல்லில் விரிசல் விழுந்ததென்று, போன மாதம் கல் தேய்க்கும் பட்டறைக்காரன் மாசானத்தின் வலது கையை வெட்டச் சொன்னவர். இப்போது இன்னொரு கல்லை மாசானத்தின் பெண்டாட்டி பொன்னுருவியிடம் நீட்டினார்.

"குமிழாகத் தேய்த்துக் கொடு. உடைந்தால் தெரியுமில்லையா?"

"தெரியும் மகாராஜா. ஆனா சபையறியச் சொல்லிடுங்க."

"யார் கையில் உடைந்தாலும் அந்தக் கை போகும்!"

அவள் சபை நடுவிலேயே சாணைச் சக்கரம் போட்டாள். சூடேறினால் பிளந்துவிடும் கல் என்பதால், நாள் முழுக்க விட்டு விட்டுத் தேய்த்தாள். மாலையில் கல் ஒட்டியிருந்த அரக்குக் குச்சியை அனலில் காட்டி, புறா முட்டை மாதிரிப் பளபளத்த கல்லைக் கழற்றினாள்.

"முழுசா இருக்குங்களா, மந்திரி ஐயா?"

"இருக்கிறது."

"சூடு ஆறட்டும் மகாராஜா."

ராஜாவுக்கு ஏது பொறுமை? கல்லைப் பிடுங்கி, அரக்குப் பிசுக்குப் போகப் பன்னீர்க் கிண்ணத்தில் முக்கினார். 'டிக்' என்றது. குறுக்கே விரிசல்.

"அன்னைக்கும் இப்படித்தான் முக்கியிருப்பீங்க. பார்க்கத்தான் ஆளில்லை," என்றாள் பொன்னுருவி.

மாசானத்தின் கையை வெட்டிய சேவகன் வாளோடு முன்னால் வந்து, பணிவாகக் கேட்டான்:

"மகாராஜா, முக்கினது எந்தக் கைங்க?"