குணவதி போடாத கோடு

முழுதும் கேட்காமல் முந்திக்கொண்டு பதில் சொல்லுகிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேளுங்கள். அப்புறம் உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுங்கள்.

வடசென்னையில் பொன்னப்பன் தோட்டம் என்றொரு பகுதி. அங்கே பிள்ளைகள் பேசப் பழகும் முன்பே பந்தை உதைக்கப் பழகிவிடும். அவர்களுடைய விடிவெள்ளி கால்பந்து கிளப்புக்குச் சொந்த மைதானம் உண்டு. பத்திரம் கிளப்பின் பெயரில் இருந்ததால், கிளப் யார் கைக்குப் போகிறதோ மைதானமும் அவர் கைக்குத்தான் போகும்.

அந்தக் கிளப்பை எடுத்து நடத்துகிறேன் என்று வந்தார் தணிகாசலம். அடுக்குமாடி கட்டி விற்பவர். பார்வையாளர்களுக்குக் கேலரி கட்டாவிட்டால் முதல் பிரிவில் அடுத்த ஆண்டு இடமில்லை என்று லீக் கறாராகச் சொல்லிவிட்ட நேரம் அது. "கேலரி என் பொறுப்பு. கட்டுறதெல்லாம் கோட்டுக்கு வெளியேதான். ஆடுற இடத்துல ஒரு செங்கல் வைக்க மாட்டேன்" என்றார், கிளப்பின் பனியனையே மாட்டிக்கொண்டு. ரசிகர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. "ஃபிளாட் கட்றவருக்கு ஃபுட்பால் மேல இன்னாப்பா திடீர் பாசம்?" என்று டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. கொடுக்கலாம், கூடாது என்று தோட்டமே இரண்டாகி, மூன்று மாதத்தில் அண்ணன் தம்பிகள்கூட முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள் குணவதி. இருபது வருஷமாகச் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளுகிறாள். ஒரு சனிக்கிழமை காலை கோடு போட்டுக்கொண்டு போனவளுக்கு நடுவட்டத்தில் மண், புதிதாகத் தோண்டி மூடியது போல் பொதபொதவென்று அமுங்கியது. பெனால்டி புள்ளிக்குப் பக்கத்திலும் அப்படியே. முந்தாநாள் திருச்சி ஆட்டத்துக்கு ஏரியாவே வேன் பிடித்துப் போயிருந்தது. அன்று மைதானத்தில் ஈ காக்கை இல்லை. கிளப் ஆட்டக்காரர்களில் போகாதவன் டேனியல் ஒருவன்தான். காய்ச்சல் என்றிருந்தான். அவனுக்கு வேலை, மண் பரிசோதனை செய்யும் கம்பெனியில். குணவதிக்குச் சுருக்கென்றது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்கே கிரவுண்டுல?"

டேனியலுக்கு முகம் வெளுத்துவிட்டது. நிறைமாத மனைவியை உள்ளே போகச் சொன்னான்.

"யக்கா, குழியைப் பத்தி யாராண்டயும் மூச்சு விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. வெளிய தெரிஞ்சா நான்தான் சொன்னேன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. வேலை போச்சுன்னா நடுத்தெருவுலதான் நிப்பேன்."

குணவதி அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அவன் சொன்னான். தணிகாசலத்துக்காக அவன் கம்பெனி போட்டது ஐந்து துளை, ஒவ்வொன்றும் முப்பது அடி ஆழம், ஐந்தும் ஆடுகளத்துக்கு உள்ளே. "கேலரிக்கு எதுக்குக்கா நடுவட்டத்துல தோண்டணும்? வரப்போறது ஒன்பது மாடி." கேட்ட குணவதி ஏன் சத்தியம் செய்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் காலை மைதானத்திலேயே கூட்டம். உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். தணிகாசலத்துக்குக் கிளப்பைக் கொடுக்கலாம் என்று பதினைந்து கை, கூடாது என்று பதினைந்து கை. மிச்சம் குணவதி. கோடு போடுகிறவர் இரண்டு பக்கத்துக்கும் பொது ஆள், அதனால் கடைசியாகத்தான் கை தூக்க வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் பழைய வழக்கம்.

கிளப் செயலாளர் சம்பந்தம் கொடுக்கலாம் என்ற கட்சி. அவர் எழுந்தார்.

"குணா, வேணாம்னா காரணத்தைச் சொல்லு. சந்தேகம் சந்தேகம்னு கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. காரணம் இல்லாம வேணாம்னா நாங்க பதினைஞ்சு பேரும் பிரிஞ்சு போய் வேற கிளப் ஆரம்பிச்சிடுவோம்."

சம்பந்தம் வாய்ச்சவடால் ஆசாமி அல்ல, சொன்னால் செய்வார்.  கூட்டத்தின் ஓரத்தில் டேனியல் குனிந்த தலை நிமிராமல் நின்றான். சுண்ணாம்பு நிரப்பிய வண்டி பக்கத்தில் இருந்தது. எதிரே தணிகாசலம் கிளப்பை மாற்றி எழுதும் பத்திரத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

சரி என்றால் மைதானம் போகும். காரணம் இல்லாமல் வேண்டாம் என்றால் கிளப் இரண்டாகும். குழியைச் சொன்னால் டேனியல் குடும்பம் தெருவுக்கு வரும், தலையில் கை வைத்துச் செய்த சத்தியமும் போகும். பொய் சொல்ல அவளுக்கு வராது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இதில் ஒன்றும் கெடாமல் குணவதி என்ன செய்திருக்க முடியும்?

விடை இது. குணவதி கை தூக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தணிகாசலத்தின் முன்னால் நிறுத்தினாள். "சார், கட்டடம் கோட்டுக்கு வெளியேன்னீங்க. எங்கே வரும்னு நீங்களே கோடு போட்டுக் காட்டுங்க. அளந்து பத்திரத்துல எழுதிடலாம். எழுதி நீங்க கையெழுத்து போட்ட உடனே நான் கை தூக்குறேன்" என்றாள். அவர் சொன்னது உண்மையானால் கோடு போட ஐந்து நிமிஷம் போதும். பொய்யானால், போட்டாலும் பத்திரம் அவரைக் கட்டிப்போட்டுவிடும், போடாவிட்டாலும் குட்டு உடைந்துவிடும். குழி என்ற பேச்சே அவள் எடுக்கவில்லை. "நியாயமாத்தானே கேக்குது, போடுங்க சார்" என்றார் சம்பந்தம். தணிகாசலம் வண்டியின் பிடியைத் தொட்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "எஞ்சினியரைக் கேட்டுட்டுத்தான்..." என்று இழுத்தபடி கையை எடுத்துக்கொண்டார். சம்பந்தம் நேராகக் கூடாது என்ற பக்கம் போய் நின்று கை தூக்கினார். அவர் பின்னால் மற்ற பதினான்கு பேரும் போனார்கள். அடுத்த ஆண்டு விடிவெள்ளி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, கேலரி இல்லையே. தோட்டத்து ஜனம் வெயிலில் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தது.