கசக்காத பட்டாம்பூச்சி

மலையில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த பழங்காலத்தில், நடுக்காட்டில் வேம்பி என்றொரு பட்டாம்பூச்சி இருந்தாள். கறிவேப்பிலை தின்று வளர்ந்தவள், உடம்பில் துளி விஷம் கிடையாது. உடுப்பு மட்டும் விஷக்கொடி தின்று வளர்ந்த கூட்டத்தாரைப் போலவே கறுப்பும் சிவப்பும். அதைப் பார்த்தே பறவைகள் ஒதுங்கின. "நானும் உங்க ஆளுதான்" என்று அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டாள். சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

பறவைகள் பிறக்கும்போதே பயத்தோடு பிறப்பதில்லை. ஆகவே கூட்டத்தில் ஒரு வழக்கம். கரிச்சான் குருவியின் குஞ்சு பறக்கப் பழகியதும் ஒருத்தி எதிரே போய் ஒரு கொத்து வாங்குவாள். குஞ்சு விஷக் கசப்பில் துப்பிவிடும், பிறகு சிவப்பைக் கண்டால் தொடாது.

வேம்பியின் முறை வந்தது. முதல் குஞ்சு பறந்தது. சிறகு நனைந்துவிட்டது என்றாள் வேம்பி. இரண்டாம் குஞ்சு பறந்தது. தலை சுற்றுகிறது என்றாள். இரண்டு முறையும் அவளுக்காகப் போய்வந்தவள் தோழி செவ்வரி. மூன்றாம் குஞ்சும் பறந்தது.

"இந்தத் தடவை நீ போ தங்கச்சி. இன்னொரு கொத்து எனக்குத் தாங்காது" என்றாள் செவ்வரி, கிழிந்த சிறகோடு.

உண்மை வேம்பியின் தொண்டை வரை வந்தது. சொன்னால் துரத்திவிடுவார்களே என்று விழுங்கிவிட்டுப் போனாள்.

குஞ்சு பாய்ந்தது. வேம்பி தப்பினாள், சிறகில் ஒரு துண்டு மட்டும் அலகோடு போயிற்று. அது கசக்கவில்லை. ருசி கண்ட குஞ்சு நேரே கூட்டம் இருந்த பூப்புதருக்கு வந்து செவ்வரியைக் கவ்வியது. உடனே துப்பத்தான் செய்தது. ஆனால் செவ்வரி எழுந்திருக்கவில்லை.

கூட்டமோ வேம்பியின் அறுந்த சிறகைப் பார்த்து உருகியது. ஒருத்தி நல்ல பூவைக் காட்டினாள். ஒருத்தி இலை நிழலில் இடம் விட்டாள். ஒருத்தி, "இனிமே நீதான் எங்களுக்குச் செவ்வரி" என்றாள்.

வேம்பி கூனிக் குறுகிப்போனாள். செத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"நான் உங்க ஆளு இல்ல. எனக்குக் கசப்பே கிடையாது. தெரிஞ்சுதான் போனேன்."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நிழல் தந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பவே சொல்லியிருந்தா உன்னை நடுவுல வச்சுக்கிட்டு நான் போயிருப்பேனே."

வேம்பியால் அதன்பின் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

கேட்டீர்களா? தன் குறையைச் சொல்ல வெட்கப்பட்டு வாய் மூடினால், அதன் பலனை அடுத்தவர் அனுபவிக்க நேரும்.