சுனைக்கு முன்னால் விழுந்தவர்

கும்பினிக் காலத்து வழக்கு இது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரப்பட்டவர்கள் எல்லாரும் இதில் மூக்குடைபட்டிருக்கிறார்கள்.

குருவிமலை ஜமீனுக்கும் நெடுங்கரை ஜமீனுக்கும் நடுவே ஒரு வற்றாத சுனை. அது யாருடையது என்ற தகராறு முற்றி, இரண்டு பக்கமும் வேல்கம்போடு நின்றார்கள். கடைசியில் தூதர்கள் பேசி, பழைய வழக்கப்படி எல்லை நடக்கலாம் என்று முடிவாயிற்று. எதிர்த்தரப்பு கைகாட்டும் ஆள் ஈரவேட்டியோடு, தலையில் மண்கட்டியைச் சுமந்து நடக்கவேண்டும். அவர் கால் போன வழி எல்லை. கட்டி விழுந்து உடைந்தால் நடை அதோடு சரி. மிச்சத்தைத் தூதர்கள் பேசித் தீர்க்கவேண்டும்.

நெடுங்கரைத் தூதர் காசிம் ராவுத்தர் யோசிக்கவே இல்லை. குருவிமலைத் தூதர் சிவனணைந்த பிள்ளையையே கைகாட்டினார். "பிள்ளைவாள் நடக்கட்டும். அவுக பொய் நடை நடக்கமாட்டாக."

ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே எல்லைக்கு மண் சுமந்து நடந்தவர் பிள்ளையின் தகப்பனார். சுனைக்கு இப்பாலேயே திரும்பியதாக மகனிடம் சொல்லிவிட்டுச் செத்தவர். ஆகச் சுனை நெடுங்கரைக்காரர்களுடையது. அது தெரிந்தவர் குருவிமலையில் பிள்ளை ஒருவர்தான். ஆனால் புறப்படும்போதே அவருடைய ஜமீன்தார், "சுனை போச்சுன்னா நீரு ஊருக்குள்ள வராதேயும்" என்று சொல்லி, சுனையை விட்டுத்தரமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது உண்மையாக நடப்பேன் என்று சூடம் அணைத்து இன்னொரு சத்தியம்.

நடந்தார். திரும்பவேண்டிய இடம் வந்தது. திரும்ப மனமில்லை, நேரே போகத் துணிவில்லை. இடறியதுபோல் விழுந்தார். கட்டி தூள்தூளாயிற்று.

ராவுத்தர் ஓடிவந்து தூக்கினார். இடுப்பளவு புல்லை விலக்கிப் பார்த்தார். அங்கே கல்லே இல்லை. பிள்ளையின் முழங்காலில் ஒரு சிராய்ப்பும் இல்லை. பின்னால் வேல்கம்புகள் காத்து நின்றன. "கல்லு பெருசு, என்ன செய்ய?" என்று ராவுத்தர் உரக்கச் சொன்னார். பிள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ராவுத்தர் தம் ஊர்க்காரர்களிடம் போய்க் கொஞ்சநேரம் பேசிவிட்டு வந்தார். சுனை இரண்டு ஊருக்கும் பொது என்று முடிவாயிற்று. கம்புகள் இறங்கின. ஜமீன்தார் மகிழ்ந்து பிள்ளைக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

இப்போது சொல்லுங்கள். ஊருக்காகச் சத்தியம் வாங்கிய ஜமீன்தார், பொய் நடக்காமல் விழுந்த பிள்ளை, தெரிந்தும் மறைத்த ராவுத்தர்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ராவுத்தர். ஜமீன்தார் வாங்கியது அடுத்தவர் சொத்துக்கான சத்தியம். அதைக் காப்பாற்றும் கடமையே பிள்ளைக்கு இல்லை. அவர் விழுந்ததும் பொய்தான், தம்மைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். ராவுத்தரும் பொய் சொன்னார். ஆனால் அதற்கான விலையாகச் சுனையில் பாதியைத் தம் ஊரைக் கேட்டுத் தாமே கொடுத்தார். பிற்பாடு இரண்டு ஊரும் பிள்ளையைத்தான் 'சண்டையை நிறுத்தின மகராசன்' என்று கொண்டாடின. கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். எவ்வளவு அடக்கமான மனுசர் என்றார்கள் ஜனங்கள்.